கடைசிக் குண்டின் உறை

பிளஃப், நியூசிலாந்து
9 மார்ச் 1998

கிளைவ்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறாதே. எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். இது தோட்டா உறைகளைப் பற்றிய கடிதம். வேறெதைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை, நீயும் எழுதாதே. போனில் கூப்பிடவும் வேண்டாம். உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வந்தது மறந்து சண்டைதான் வரும்.

பிரிந்தபோது ஏழு மில்லிமீட்டர் துப்பாக்கியையும், எனக்கென்று நீ செய்து வைத்திருந்த பித்தளை உறைகளையும் எடுத்துக்கொண்டு வந்தேன். வருஷக்கணக்காக அலமாரி மேலேயே கிடந்தன. போன வருஷம்தான் மனசைத் தேற்றிக்கொண்டு இன்வர்காகில் துப்பாக்கிக் கிளப்பில் சேர்ந்தேன். நீ செய்கிற மாதிரியே சுட்ட உறையை மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிச் சுடுகிறேன். இப்போது கொஞ்ச நாளாக, சுட்ட உறையை வெளியே இழுக்கிற போல்ட் இறுகிக்கொள்கிறது. உள்ளங்கையால் தட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. நாலைந்து குண்டு ஒரே இடத்தில் விழும், அடுத்தது ஒரு முழம் மேலே ஏறிவிடும்.

இங்கே சுடுமேட்டைப் பார்த்துக்கொள்ளும் வயர்மு என்பவர் வந்து பார்த்தார். "இது காத்தோட வேலை இல்ல ரோனா. காத்து பக்கவாட்டுல தள்ளும், மேல தூக்காது. உன் உறைக் கழுத்துக்குள்ள டோனட் வளந்திருக்கு, பித்தளை வளையம். யாரு செஞ்சு குடுத்தது?" என்றார்.

"முன்னாள் புருஷன்."

"அப்ப அவன்கிட்டயே கேளு. பண்ணின கைக்குத்தான் தெரியும்."

அதனால் கேட்கிறேன். அந்த வளையத்தை எப்படி எடுப்பது?

இன்னொரு கேள்வி. இதுவும் உறை பற்றியதுதான், பயப்படாதே. வாரிண்டாவில் அந்த இறுதிப் போட்டியில் என் கடைசிக் குண்டும் இப்படித்தான் மேலே ஏறிப்போனது. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை போனது. அன்று சாயங்காலம் கிளப் பாரில் நீ பீர் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னத்த சொல்றது! கோப்பை கைக்கு வந்துச்சு, அம்மா கண்ணை மூடிட்டாங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கும் அந்த வளையம் இருந்ததா?

ரோனா


வாரிண்டா, நியூ சவுத் வேல்ஸ்
23 மார்ச் 1998

ரோனா,

உறை பற்றி மட்டும் எழுதச் சொன்னாய். சரி. ஆனால் பிஸ்கட் போன கோடையில் பாம்பு கடித்துச் செத்துப்போனதைச் சொல்லாமல் இருக்க முடியாது, அது உன் நாய். ஆழ்கிணறு பம்புக்குப் பக்கத்தில் புதைத்தேன். அவ்வளவுதான். இனி உறை.

நம் உறைகள் பிறக்கும்போதே ஏழு மில்லிமீட்டர் இல்லை. சின்ன வாய் உறையை வாங்கி நான்தான் ஏழுக்கு விரித்தேன். விரிக்கும்போது உறையின் தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே சரிகிற இடத்தில், இருக்கிற தடித்த பித்தளை கொஞ்சம் கழுத்தின் அடிக்கு ஏறிவிடும். வெளியே தடவினால் ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு வளையமாக நிற்கும். குண்டின் பின்பக்கம் அதில் போய் முட்டினால் கழுத்து குண்டைக் கவ்விக்கொள்ளும். விடவேண்டிய நேரத்தில் விடாது. அழுத்தம் கூடும், போல்ட் இறுகும், குண்டு மேலே போகும். ஊரில் அதற்கு டோனட் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர்தான் தித்திப்பு.

சோதிக்கிற வழி சொல்கிறேன். சுட்ட உறையை எடு. ஒரு புதுக் குண்டைக் கழுத்துக்குள் கையால் விடு. வழுக்கிக்கொண்டு உள்ளே விழ வேண்டும். கழுத்தடியில் முட்டி நின்றால் வளையம் இருக்கிறது. இருந்தால் ரீமர் என்கிற, உள்சுவரைச் சீவுகிற கருவியை விட்டு அறுக்க வேண்டும். வயர்முவிடம் இல்லையென்றால் என்னுடையதை அனுப்புகிறேன்.

உன் இன்னொரு கேள்விக்குப் பதில்: இல்லை. அந்தப் போட்டிக்கு முந்தின குளிர்காலம் முழுக்க நான் என்ன செய்தேன் என்று மறந்துபோச்சா? அடுக்களை மேஜையில் உட்கார்ந்து உன் உறை ஒவ்வொன்றையும் அறுத்தேன். "ரொட்டியில பித்தளைத் தூள் கடிபடுது கிளைவ், இது சோத்து மேஜையா பட்டறையா?" என்று நீதானே கத்தினாய். ஒரு உறை தவறவில்லை. இந்த மாவட்டத்தில் என் உறையைக் குறை சொல்ல ஒருத்தன் கிடையாது.

ஆனால் ஒன்று. அறுத்த வளையம் திரும்ப வளரும். ஒவ்வொரு தடவை சுட்டு, அச்சில் விட்டு அமுக்கும்போதும் தோளிலிருந்து பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வரும். அடிக்கடி பார்த்து அறுக்க வேண்டும். இதை உனக்குச் சொல்லித் தரவே இல்லை. எப்போதும் நான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று உனக்குப் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தது நான். உன் தோள் உதறியதைப் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன். அதில் என்ன தப்பு?

கிளைவ்


பிளஃப்
5 ஏப்ரல் 1998

கிளைவ்,

பிஸ்கட்டுக்காக ஒரு நாள் முழுக்க அழுதேன். சிப்பிக் கொட்டகையில் கத்தி நழுவி விரலைக் கிழித்துக்கொண்டேன். சிப்பி உடைக்கிற சீசன் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, கட்டோடு வேலை செய்தால் மேஸ்திரியம்மாள் முறைக்கிறாள்.

நீ சொன்னபடி சோதித்தேன். பாதி உறையில் குண்டு முட்டி நிற்கிறது. ரீமரை அனுப்பு.

"பார்த்ததைச் சொன்னேன், என்ன தப்பு?" பேஷ். தப்பே இல்லை. நீ எப்போது தப்பு செய்தாய்?

அந்த ஒரு வார்த்தை என்னை என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. மறுநாள் ரொட்டிக் கடையில் டிரிஷ் கண்ணை இறுக்கி மூடிக் காட்டிச் சிரித்தாள். பெட்ரோல் பங்க் பையன்கூட, "கண்ணைத் தொறந்து வண்டி ஓட்டுங்கம்மா" என்றான். நான் உன்னை விட்டு வந்தது அதற்காக மட்டும் இல்லைதான். ஆனால் பெட்டியைக் கட்டும்போது காதில் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். இங்கே வந்து துப்பாக்கியைத் தொடாமலே இருந்தேனே, ஏன் என்று நினைக்கிறாய்? படுத்துக் குறிபார்த்ததும் உன் குரல் வந்துவிடும். அம்மா கண்ணை மூடிட்டாங்க.

மே மாதக் கடைசியில் தென் தீவு அணிக்குத் தேர்வு. வயர்மு என் பேரைக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்றேன். "ஏன்?" என்றார். "எனக்குக் கண்ணை மூடுற வியாதி இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது உனக்குப் புரிகிறதா நான் எதற்குக் கேட்கிறேன் என்று? அது உறையின் கோளாறு என்றால் நான் சுடப்போகிறேன். என் கோளாறு என்றால் துப்பாக்கியை விற்றுவிட்டு சிப்பி உடைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். இத்தனை வயதில் இன்னொரு தடவை ஊர் சிரிக்க எனக்குத் தெம்பு இல்லை. யோசித்து, பார்த்து, உண்மையைச் சொல்.

ரோனா


வாரிண்டா
21 ஏப்ரல் 1998

ரோனா,

பொட்டலத்தில் ரீமர் இருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் மெல்லச் சுற்று. அவசரம் கூடாது. கழுத்தின் மேல்பக்கத்தில் ரீமர் சும்மா வழுக்கிப்போக வேண்டும், அடியில் மட்டும்தான் கடிக்க வேண்டும். மேலேயே கடித்தால் நிறுத்திவிடு. சுவர் மெலிந்த உறை எதற்கும் ஆகாது, நசுக்கிப் போட்டுவிடு. அறுத்தபின் ஊதித் தூளை வெளியே தள்ளு. மெல்லிய பித்தளைச் சுருள் ஒன்று வரும். அது வந்தால் சரியாக அறுத்திருக்கிறாய் என்று அர்த்தம்.

பட்டுக் காகிதத்தில் சுற்றி இன்னொன்றும் வைத்திருக்கிறேன். உறை ஒன்றை நீளவாக்கில் அறுத்து இரண்டு பாதியையும் அனுப்பியிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார். கழுத்து தோளைச் சேருகிற இடத்தில் உள்பக்கம் ஒரு மேடு தெரியும்.

அது அன்றைய உறை. இறுதிப் போட்டியில் சுட்டது. நீ விட்டுப்போன பையில் ஒரு பெட்டி இருந்தது, கொட்டகையில் தேடி எடுத்தேன். எல்லாவற்றையும் அறுத்தேன் என்று போன கடிதத்தில் மார்தட்டினேன். தவறவிட்டிருக்கிறேன். உன் கடைசிக் குண்டு மேலே போனதற்குக் காரணம் இதுதான். தோள் உதறியது என்று எனக்குத் தோன்றியிருக்கலாம். துப்பாக்கி உதைத்தால் யார் தோளும்தான் ஆடும்.

நீ கண்ணை மூடவில்லை ரோனா.

பாரில் சொன்னதைப் பாரிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும் இல்லையா? சனிக்கிழமை எல்லோரும் சாஸேஜ் சுட்டுத் தின்றுகொண்டிருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். "ரோனா கண்ணை மூடல. என் உறைதான் கெடுத்துச்சு. அன்னைக்கு நான் சொன்னது தப்பு." எல்லோரும் வாயில் சாஸேஜோடு பார்த்தார்கள். மெர்வ்தான், "அடப்பாவி, இத்தனை வருஷம் கழிச்சா சொல்றே?" என்றான். டிரிஷ் எழுந்து வெளியே போய்விட்டாள்.

வருத்தப்படுகிறேன். இந்த வார்த்தையை நான் எழுதி நீ பார்த்ததில்லை. எனக்கே எழுத்துக்கூட்டி எழுத வேண்டியிருந்தது.

தேர்வுக்குப் போ.

கிளைவ்


பிளஃப்
10 மே 1998

அன்புள்ள கிளைவ்,

என் அக்கா வீட்டு ஜன்னலில் அந்த இரண்டு பாதியையும் வைத்திருக்கிறேன். காலையில் வெயில் படும்போது உள்ளே அந்த மேடு நன்றாகத் தெரிகிறது. இவ்வளவூண்டு! இதற்காகவா நான் இத்தனை வருஷம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்?

அறுக்கப் பழகிவிட்டேன். முதல் உறையைப் பாழாக்கினேன். இரண்டாவதில் நீ சொன்ன சுருள் வந்தது. சிப்பிக்குள் கத்தியை விடுகிற மாதிரிதான், எங்கே கடிக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. அக்காவின் சோற்று மேஜையில்தான் செய்கிறேன். "ரொட்டி பூரா பித்தளை" என்று அவள் கத்துகிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போல்ட் இப்போது ஒரு விரலில் திறக்கிறது. குண்டெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகிறது. வயர்மு பார்த்துவிட்டு, "வியாதி போயிடுச்சா?" என்றார். "எனக்கு வந்ததே இல்லையாம், டாக்டர் எழுதிட்டாரு" என்றேன்.

பாரில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாயே. அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தன்றுகூட நீ எழுந்து பேச மாட்டேன் என்றவன்.

நன்றி கிளைவ்.

உன் ரோனா


வாரிண்டா
19 மே 1998

அன்புள்ள ரோனா,

"உன்" என்று போட்டிருந்தாய். கைப்பழக்கத்தில் வந்ததென்றாலும் சரி.

இங்கே மழை இல்லை. மெர்வ் என்னிடம் கொடுத்து வைத்திருந்த உறைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டான். "தப்பா நெனக்காத கிளைவ், இனிமே நானே அறுத்துக்கிறேன்" என்றான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டார்கள். போகட்டும், எனக்கும் கண் முன்போல இல்லை. கொட்டகையில் இப்போது நிறைய இடம் இருக்கிறது.

ஒன்று கேட்கலாமா? அணிக்கு எடுத்துவிட்டால் வசந்தத்தில் போட்டி இருக்கும் இல்லையா? விமானம் ஏறி வந்து பார்க்கட்டுமா? உன் பின்னால் உட்கார்ந்து காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன், முன்போல. வேண்டாம் என்றால் வேலிக்கு அப்பால் நின்றுகொள்கிறேன்.

கிளைவ்


பிளஃப்
7 ஜூன் 1998

அன்புள்ள கிளைவ்,

என்னை அணியில் எடுத்துவிட்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல குளிர், கடல்காற்று. கடைசிக் குண்டு நட்ட நடுவில்.

இதற்கப்புறம் எழுதுவதை உட்கார்ந்து படி.

அன்று வீட்டுக்கு வந்ததும் தையல் டப்பாவைத் திறந்தேன். அதில் ஒரு உறை இருக்கிறது. வாரிண்டா இறுதிப் போட்டியில் என் கடைசிக் குண்டின் உறை. அன்று அது தெறித்து விழுந்ததும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன், யாருக்கும் தெரியாது. என் மானம் போன உறை. எறியவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஜெயித்துவிட்டு வந்த தைரியத்தில் எடுத்தேன். நீ எழுதிய மாதிரியே ஒரு புதுக் குண்டை அதன் கழுத்துக்குள் விட்டேன்.

வழுக்கிக்கொண்டு அடிவரை போய் டிக் என்று விழுந்தது.

திருப்பிக் கொட்டிவிட்டு மறுபடி விட்டேன். மறுபடியும் டிக். விளக்கில் பிடித்து உள்ளே பார்த்தேன். உன் ரீமர் ஓடிய கோடு இன்னும் தெரிகிறது. எவ்வளவு சுத்தமாக அறுத்திருக்கிறாய்!

பிறகு ஜன்னலுக்குப் போய் நீ அனுப்பிய இரண்டு பாதியையும் எடுத்துப் பார்த்தேன். உன் உறையோடு கலந்துவிடக் கூடாது என்று என் உறை எல்லாவற்றின் அடிவட்டிலும் அரத்தால் ஒரு கீறல் போடுவேன். நீயே கேலி செய்திருக்கிறாய், "உறைக்குக்கூட வேலி போடுறா" என்று. இதில் கீறல் இல்லை. இது என் உறை இல்லை கிளைவ். உன் உறை.

எனக்காகப் பொய் சொன்னாய். உனக்கு உலகத்தில் இருந்த ஒரே பெருமை உன் கைவேலை. அதை ஊர் முன்னால் நின்று நீயே கெடுத்துக்கொண்டாய். மெர்வ் உறைகளை வாங்கிக்கொண்டு போனான் என்று வேடிக்கை போல எழுதினாய். படித்தபோது சிரித்தேன். இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன், சிரிப்பு வரவில்லை.

நான் கண்ணை மூடியது உண்மை. கண்ணை மூடி, கன்னத்தையும் துப்பாக்கியிலிருந்து தூக்கிவிட்டேன். அதனால்தான் மேலே போனது. ஆனால் எதற்கு மூடினேன் என்று தேர்வு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் குண்டு கொஞ்சம் விலகி விழுந்தது. அப்புறம் நான் எதற்கோ காத்திருந்தேன். அது வரவில்லை. காற்றுச் சத்தம் மட்டும்தான். என்னவோ குறைகிறதே என்று யோசித்தேன். அப்போதுதான் புரிந்தது. பின்னால் உச்சுக் கொட்ட ஆள் இல்லை.

நீ உச்சுக் கொட்டுவாய் கிளைவ். குண்டு கொஞ்சம் தள்ளி விழுந்தால் உச்சு. குழம்பு அடிப்பிடித்தால் உச்சு. கேட்டைச் சாத்த மறந்தால் உச்சு. ஒரு வார்த்தை திட்டமாட்டாய், நல்ல மனுஷன். உச்சு மட்டும். அன்று கடைசிக்கு முந்தின குண்டு ஓரமாக விழுந்தபோதும் பின்னாலிருந்து வந்தது. கடைசிக் குண்டுக்கு நான் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படவில்லை. அதற்கப்புறம் வரப்போகிற உன் சத்தத்துக்குத்தான் கண்ணை மூடினேன்.

உன்மேல் கோபம் இல்லை. இந்தப் பொய்யை நினைத்தால் அழுகைதான் வருகிறது. இதை அன்று சாயங்காலமே சொல்லியிருக்கக் கூடாதா? "உறையில ஏதோ கோளாறு, என் தப்பு" என்று? ஒரு வாய் பீர் குடிக்கிற நேரம்தானே ஆகும். சொல்லியிருந்தால் நான் இன்னும் அந்த அடுக்களையில்தான் இருந்திருப்பேன், ரொட்டியில் பித்தளை என்று கத்திக்கொண்டு.

மெர்விடம் உண்மையைச் சொல்லி உறைகளைத் திருப்பி வாங்கிக்கொள். ரோனா கண்ணை மூடினாள் என்றே சொல். இனிமேல் அது என்னை ஒன்றும் செய்யாது.

வசந்தத்தில் வராதே. நீ வாயைக் கட்டிக்கொண்டு வேலிக்கு அப்பால் நின்றாலும் எனக்குக் கேட்கும். ரீமரை நானே வைத்துக்கொள்கிறேன்.

ரோனா


வாரிண்டா
20 ஜூன் 1998

அன்புள்ள ரோனா,

உன் பெட்டியில் இருந்த உறைகளில் ஒன்றையும் நான் இரண்டாகப் பிளக்கவில்லை. எல்லாவற்றிலும் குண்டு விட்டுப் பார்த்தேன். எல்லாம் அடிவரை போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வேலை நன்றாக இருந்ததற்காக வருத்தப்பட்டேன். என் உறை ஒன்றைப் பிளந்தபோது உன் கீறல் ஞாபகம் வரவில்லை.

மெர்விடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் கிளப்பில் ஒன்று கேட்டேன். "நான் உச்சுக் கொட்டுவேனா?" என்று. எல்லோரும் பீரைப் பார்த்தார்கள். கடைசியில் டிரிஷ்தான் சொன்னாள், "ரோனா போனதுக்கப்புறம் உன்ன யாராவது காத்துப் பாக்கக் கூப்பிட்டாங்களா கிளைவ்? ஏன்னு நெனச்சே?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊரே சேர்ந்து என்னைக் கேலி செய்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுக்களை மேஜையில் உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். "நான் இன்னும் அந்த அடுக்களையில்தான் இருந்திருப்பேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்தபோது யாரோ உச்சுக் கொட்டினார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கிளைவ்